உள்தள்ளலுக்கு டேப்பா, ஸ்பேஸா? ஷெல் ஸ்கிரிப்ட் எழுதுவோருக்கான ஒப்பீடு

தண்டையார்பேட்டையில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நான் நடத்தும் லினக்ஸ் வகுப்புக்கு ஒரே அலுவலகத்திலிருந்து இருவர் வருகிறார்கள். துறைமுகத்துக்கு வரும் கண்டெய்னர்களின் பட்டியலை இரவில் தொகுத்துக் காலையில் சுங்க முகவர்களுக்கு அனுப்பும் ஷெல் ஸ்கிரிப்ட் ஒன்றை, அதாவது கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்த கோப்பை, இருவரும் சேர்ந்து பராமரிக்கிறார்கள். மூத்தவர் சர்வரிலேயே விம் எடிட்டரைத் திறந்து எழுதிப் பழகியவர். இளையவர் மடிக்கணினியில் வி.எஸ். கோடு எடிட்டர் வைத்திருப்பவர். சென்ற மாதம் இளையவர் தம் திரையை என் பக்கம் திருப்பி, "அண்ணா, நான் மாத்துனது ரெண்டே ரெண்டு வரி. நானூறு வரி மாறியிருக்குன்னு கிட் காட்டுது" என்றார். கிட் என்பது கோப்புகளில் நடக்கும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி. அவருடைய எடிட்டர், கோப்பைச் சேமித்த அந்த நொடியில், வரித் தொடக்கத்தில் இருந்த டேப் எழுத்துகள் எல்லாவற்றையும் ஸ்பேஸாக மாற்றியிருந்தது.

உள்தள்ளலுக்கு, அதாவது வரியை ஓரத்திலிருந்து உள்ளே தள்ளி எழுத, இனி டேப்பா ஸ்பேஸா எதைப் பயன்படுத்துவது என்று இருவரும் கேட்டார்கள். வகுப்பில் வேறு சிலரும் இதே கேள்வியை வைத்துக்கொண்டிருந்தார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. ஒருவர் பைத்தான் கற்கிறார், ஒருவர் யாமல் என்னும் அமைப்புக் கோப்புகளோடு மல்லுக்கட்டுகிறார், ஒருவரிடம் மடிக்கணினியே இல்லை, கைப்பேசியில்தான் எழுதுகிறார். எல்லோருக்கும் ஒரே விடையைச் சொல்ல முடியாது. ஆகவே முதலில் அளவுகோல்களையும், பிறகு நான்கு வழிகளையும் எழுதுகிறேன்.

டேப் என்றால் என்ன என்பதில் ஒரு தெளிவு வேண்டும். பழைய வண்ணாரப்பேட்டையில் தட்டச்சு கற்றவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அட்டவணை அடிக்கும் பாடத்தில், ஒவ்வொரு பத்தியும் எங்கே தொடங்க வேண்டுமோ அங்கே ஒரு நிறுத்தத்தைக் குறித்து வைப்போம். டேபுலேட்டர் விசையைத் தட்டினால் வண்டி அடுத்த நிறுத்தத்துக்கு ஓடிப்போய் நிற்கும். எவ்வளவு தூரம் ஓடும் என்பது அது புறப்படும் இடத்தைப் பொறுத்தது. கணினியின் டேப்பும் அதே விசைதான். ஆஸ்கி அட்டவணையில் அதன் எண் 9, ஸ்பேஸின் எண் 32. கட்டளைகளைத் தட்டும் திரையான டெர்மினலில் 8 கட்டங்களுக்கு ஒரு நிறுத்தம் என்பது வழிவழியாக வந்த வழக்கம். எனவே "ஒரு டேப் என்பது நான்கு ஸ்பேஸ்" என்று சொல்வது தவறு. அடுத்த நிறுத்தத்துக்குப் போ என்னும் ஆணை மட்டுமே அது. நிறுத்தங்கள் எங்கே இருக்கின்றன என்பதைப் பார்ப்பவரின் திரைதான் தீர்மானிக்கிறது. டேப்பின் நன்மைகளும் தொல்லைகளும் இந்த ஒன்றிலிருந்தே பிறக்கின்றன.

எவற்றை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், அந்தக் கோப்பைப் படிக்கும் கருவி. சி மொழியின் கம்பைலருக்கு உள்தள்ளல் ஒரு பொருட்டே இல்லை. பைத்தானுக்கு அதுவே இலக்கணம். நிரலைத் தொகுக்க உதவும் மேக் கருவிக்கு டேப் இல்லாவிட்டால் வேலையே நடக்காது. ஷெல் இந்த இரு கரைகளுக்கும் நடுவில் நிற்கிறது. பெரும்பாலான வரிகளில் அதற்கு உள்தள்ளல் கண்ணிலேயே படுவதில்லை, ஆனால் ஓர் இடத்தில் மட்டும் டேப்பையும் ஸ்பேஸையும் பிரித்துப் பார்க்கிறது. அந்த இடத்தைப் பற்றிக் கீழே விரிவாக எழுதுகிறேன்.

இரண்டாவது, படிக்கும் மனிதர்கள். கணினி அறிவியலாளர் பென் ஷ்னைடர்மேனும் உடன் பணியாற்றியோரும் 1983இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, உள்தள்ளலின் அளவுகளை மாற்றி மாற்றிக் கொடுத்து, நிரல் எவ்வளவு புரிகிறது என்று சோதித்தது. 2 முதல் 4 இடம் வரை தள்ளியபோது நன்றாகப் புரிந்தது, 6 இடம் தள்ளியபோது அந்த நன்மை குறைந்தது. இது சராசரிக் கண்களுக்கான முடிவு. எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கிறவரின் தேவை வேறு.

மூன்றாவது, திருத்தும் இடம். மடிக்கணினியில் நன்றாகத் தெரியும் கோப்பை நள்ளிரவில் எஸ்.எஸ்.எச். என்னும் தொலை இணைப்பு வழியாக வெறும் வி.ஐ. எடிட்டரில் திறந்து திருத்த வேண்டியிருக்கும். நான்காவது, ஒட்டுதல்: வலைப்பக்கத்திலிருந்தோ வாட்ஸ்அப்பிலிருந்தோ எடுத்து ஒட்டும் வரிகள் எப்படி வந்து விழுகின்றன என்பது. ஐந்தாவது, வரலாறு: யார் எந்த வரியை எப்போது எழுதினார் என்று கிட் சொல்வது நம்பும்படி இருக்கிறதா என்பது. கோப்பின் அளவைச் சிலர் ஆறாவதாகச் சேர்ப்பார்கள். ஒரு டேப் ஒரு பைட், நான்கு ஸ்பேஸ் நான்கு பைட் என்பது உண்மைதான் என்றாலும், இன்றைய வட்டில் ஷெல் ஸ்கிரிப்டுக்கு அது ஒரு கணக்கே இல்லை.

முதல் வழி: டேப் மட்டும்

டேப்பின் பெரிய பலம், அகலத்தைப் படிப்பவர் கையில் விட்டுவிடுவது. எங்கள் வகுப்பில் பார்வைக் குறைபாடு உள்ள ஒருவர் எழுத்தைப் பெரிதாக்கி வைத்துப் படிக்கிறார். அவர் திரையில் ஒரு வரிக்கு நாற்பது எழுத்துக்கு மேல் கொள்ளாது. நான்கு ஸ்பேஸ் வீதம் மூன்று படி உள்ளே போன வரியில் 12 இடம் வெறுமையாகப் போய்விடுகிறது. அதே கோப்பு டேப்பில் இருந்தால், தம் எடிட்டரில் டேப்பின் அகலத்தை 2 என்று வைத்துக்கொள்கிறார். மற்றவர்கள் கோப்பைத் தொட வேண்டியதே இல்லை. பிரெய்ல் காட்சிக் கருவியில் படிப்போருக்கும் இந்த வேறுபாடு பெரிது, அங்கே ஒவ்வொரு ஸ்பேஸும் ஒரு கட்டத்தை விழுங்கும்.

லினக்ஸின் உட்கருவான கெர்னலின் நிரல்நடை விதி டேப்பைத்தான் கேட்கிறது, அதன் அகலம் 8 என்றும் சொல்கிறது. மூன்று படிக்கு மேல் உள்ளே போகிறவர் தம் நிரலைத்தான் சரிசெய்ய வேண்டும் என்பது அங்கே கூறப்படும் காரணம். ஷெல் ஸ்கிரிப்ட் எழுதுவோர் இதை மனத்தில் வைப்பது நல்லது. ஒரு லூப், அதற்குள் ஓர் இஃப், அதற்குள் ஒரு கேஸ், அதற்குள் மறுபடியும் ஓர் இஃப் என்று போகும் ஸ்கிரிப்ட் எத்தனை ஸ்பேஸில் எழுதினாலும் படிக்க முடியாததுதான்.

ஷெல்லுக்கு மட்டும் உரிய காரணம் ஒன்றும் உண்டு. ஹியர்-டாக்குமென்ட் என்னும் வசதியால், ஸ்கிரிப்டுக்குள்ளேயே பல வரி உரையை எழுதி ஒரு கட்டளைக்கு ஊட்டுகிறோம்: << குறிக்குப் பின் ஒரு முடிவுச் சொல்லைத் தந்துவிட்டால், அதே சொல் தனி வரியில் வரும்வரை இடைப்பட்டவை எல்லாம் உரை. அந்த முடிவுச் சொல் வரியின் முதல் கட்டத்திலேயே தொடங்க வேண்டும். இஃப் பகுதிக்குள் உள்தள்ளி அழகாக எழுத விரும்பினால் <<- என்று ஒரு கோடு சேர்த்து எழுதலாம். அப்போது ஷெல் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் இருப்பதை நீக்கிவிட்டுப் படிக்கும். ஆனால் அது நீக்குவது டேப்பை மட்டுமே. ஸ்பேஸைத் தொடாது.

இதனால் நான் பட்டது ஒன்று உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறிய அலுவலகத்தின் பேக்கப் ஸ்கிரிப்டை நான் எழுதினேன். ஏழு நாளுக்கு மேற்பட்ட பழைய நகல்களை அழிக்கும் வரி முதலில். வட்டில் இடம் குறைந்தால் எச்சரிக்கை மின்னஞ்சல் அனுப்பும் இஃப் பகுதி அடுத்து, அதில் <<- இட்ட ஹியர்-டாக்குமென்ட். புதிய நகல் எடுக்கும் வரி கடைசியில். ஒருநாள் மின்னஞ்சலில் ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தப் புதிய எடிட்டர் ஒன்றில் அதைத் திறந்து சேமித்தேன். டேப்புகள் ஸ்பேஸாயின. முடிவுச் சொல்லை ஷெல்லால் அடையாளம் காண முடியவில்லை. எனவே கோப்பின் கடைசி வரி வரை எல்லாமே மின்னஞ்சலின் உரை என்று எடுத்துக்கொண்டது, இஃப் பகுதி மூடப்படவே இல்லை என்று பிழை காட்டி நின்றது. பாஷ் என்னும் ஷெல் ஒரு ஸ்கிரிப்டை முழுதும் படித்துச் சரிபார்த்துவிட்டுத் தொடங்குவதில்லை. ஒவ்வொரு கட்டளையாகப் படித்து அப்போதே நிறைவேற்றுகிறது. ஆகவே ஒவ்வோர் இரவும் அழிக்கும் வரி ஓடியது, எடுக்கும் வரி ஓடவில்லை. குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் அனுப்பிய பிழைச் செய்தி யாரும் திறக்காத உள்ளூர் அஞ்சல்பெட்டியில் கிடந்தது. நான் கவனித்தபோது பழைய நகல்களும் இல்லை, புதியவையும் இல்லை. அழிப்பதை முதலில் வைத்ததும் என் தவறுதான். அதையும் மறைக்க வேண்டியதில்லை.

டேப்பின் மறைமுகச் செலவுகளையும் பார்க்க வேண்டும். டெர்மினலில் கோப்பைக் காட்டும் கேட், மாற்றங்களைக் காட்டும் கிட் டிஃப் போன்றவை 8 கட்ட நிறுத்தத்தையே காட்டும். பக்கம் பக்கமாகக் காட்டும் லெஸ் கருவியில் -எக்ஸ் அமைப்பாலும், டெர்மினலில் டேப்ஸ் கட்டளையாலும் குறைக்கலாம், ஆனால் அதை ஒவ்வொரு சர்வரிலும் நினைவாகச் செய்ய வேண்டும். டேப்பால் உள்தள்ளிய வரிகளை நேரடியாக ஷெல்லில் ஒட்டினால், பழைய சர்வர்களில் ஒவ்வொரு டேப்பும் பெயர் நிரப்பும் விசையாகவே எடுத்துக்கொள்ளப்பட்டு, ஆயிரக்கணக்கான சாத்தியங்களைக் காட்டவா என்று கேள்வி வந்து நிற்கும். 2020 டிசம்பரில் வந்த பாஷ் 5.1 முதல், ஒட்டப்படும் உரையைத் தனியாக அடையாளம் காணும் வசதி இயல்பாகவே இயங்குவதால் இது குறைந்திருக்கிறது, 4.2 பதிப்போடு இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரங்களில் குறையவில்லை.

இன்னொரு செலவு பலருக்குத் தெரியாது. <<- வரித்தொடக்க டேப்புகளில் ஒன்றை மட்டும் நீக்காது, அத்தனையையும் நீக்கும். ஸ்கிரிப்ட் ஒன்றின் மூலம் மேக் கருவிக்கான மேக்ஃபைல் ஒன்றை எழுதிப் போட முயன்றால், அந்த மேக்ஃபைலுக்கு உயிர்நாடியான டேப்புகளும் சேர்ந்து மறைந்துவிடும்.

இரண்டாவது வழி: ஸ்பேஸ் மட்டும்

ஸ்பேஸின் பலம், எங்கே திறந்தாலும் ஒரே மாதிரி தெரிவது. எடிட்டரிலும் டெர்மினலிலும் வலைப்பக்கத்திலும் அச்சிலும் அதே அமைப்பு. ஒருவர் திரையைப் பார்த்து மற்றவர் பேசும்போது இது எவ்வளவு உதவி என்பதை வகுப்பு நடத்துகிறவர்கள் அறிவார்கள். "நாலாவது கட்டத்தில் தொடங்கு" என்றால் எல்லோருக்கும் அது நாலாவது கட்டம்தான்.

பைத்தானின் எழுத்துநடைக் கையேடான பெப் 8, நான்கு ஸ்பேஸைப் பரிந்துரைக்கிறது. பைத்தான் 2, டேப்பை அடுத்த 8இன் மடங்குக்கு நீட்டிப் படித்தது. ஆகவே நான்கு கட்ட டேப் வைத்த எடிட்டரில் ஒன்றாகத் தெரிந்த இரு வரிகள் பைத்தானுக்கு வேறு வேறு படிகளில் இருக்கக்கூடும். பைத்தான் 3, டேப்பின் அகலத்தைப் பொறுத்துப் பொருள் மாறக்கூடிய கலப்பை ஏற்க மறுத்து, டேப்எர்ரர் என்று நின்றுவிடுகிறது. இது நல்ல முடிவு. தவறாக ஓடுவதைவிட ஓடாமல் நிற்பது மேல். யாமல் இன்னும் கண்டிப்பானது, உள்தள்ளலில் டேப் வரவே கூடாது என்பது அதன் வரையறையிலேயே இருக்கிறது.

கைப்பேசியில் கற்போருக்கும் ஸ்பேஸே வசதி. வழக்கமான கைப்பேசி விசைப்பலகையில் டேப் விசை கிடையாது. கைப்பேசியில் டெர்மினலைத் தரும் டெர்மக்ஸ் போன்ற செயலிகள் மேலே ஒரு கூடுதல் விசை வரிசையில் அதைத் தருகின்றன என்றாலும், அங்கே ஒட்டி இங்கே எடுத்து எழுதும்போது டேப் எங்காவது தொலைந்துபோகிறது. வடசென்னையில் நான் பார்க்கும் மாணவர்களில் முதல் ஆறு மாதத்தைக் கைப்பேசியிலேயே ஓட்டியவர்கள் உண்டு என்பதால் இதை ஒரு சிறு விஷயமாக நான் எண்ணுவதில்லை.

ஷெல்லில் ஸ்பேஸ் மட்டும் என்று முடிவெடுப்பவர் ஹியர்-டாக்குமென்டுக்கு வேறு வழி தேட வேண்டும். வழிகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் விலையும் உண்டு. உரையையும் முடிவுச் சொல்லையும் முதல் கட்டத்துக்கே கொண்டுவந்து எழுதலாம். வேலை சரியாக நடக்கும், ஆனால் மூன்று படி உள்ளே இருக்கும் நிரலுக்கு நடுவே ஒரு பகுதி மட்டும் சுவரை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு வரியையும் பிரிண்டெஃப் கட்டளையால் எழுதலாம். மூன்று நான்கு வரிக்கு அது போதும், இருபது வரிக்கு மேற்கோள் குறிகளை எண்ணியே சலித்துவிடும். உரையைத் தனிக் கோப்பில் வைத்து அங்கிருந்து படிக்கலாம். ஸ்கிரிப்டை வேறு சர்வருக்கு எடுத்துச் செல்லும்போது இரண்டு கோப்பையும் மறவாமல் எடுத்துச் செல்ல வேண்டும். கூகுள் வெளியிட்டிருக்கும் ஷெல் நடைக் கையேடு இரண்டு ஸ்பேஸ் என்று விதித்துவிட்டு, <<- ஹியர்-டாக்குமென்டின் உரைக்கு மட்டும் டேப்பை அனுமதிக்கிறது. நியாயமான விதிவிலக்குதான்; ஆனால் ஒரே கோப்பில் இரண்டு எழுத்தும் இருக்கும், எந்த எடிட்டரும் அதைத் தானாகப் புரிந்துகொள்ளாது. நான் பட்டதை நினைத்தால் எனக்கு அந்த ஏற்பாட்டில் மனம் ஒப்பவில்லை.

ஸ்பேஸ் என்று நாம் நினைப்பது ஸ்பேஸாகவே இருக்கிறதா என்பது இன்னொரு கேள்வி. வலைப்பக்கங்களிலிருந்து ஒட்டும் வரிகளில், வரியை உடைக்க விடாத வேறொரு வெற்றிடம் வந்துவிடும்; யூனிகோடில் அதன் எண் பதினாறடிமானத்தில் 00A0. கண்ணுக்கு எந்த வேறுபாடும் தெரியாது. ஷெல் அதை இடைவெளியாக எடுத்துக்கொள்ளாமல் கட்டளையின் பெயரோடு சேர்த்துப் படித்து, அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று சொல்லும். எழுத்துக் கூட்டிப் பார்த்தும் பிழை தெரியாமல் மாணவர்கள் அரை மணி நேரம் தவிப்பது பெரும்பாலும் இதனால்தான். கேட் கட்டளைக்கு ஆங்கில ஏ பேரெழுத்து அமைப்பைத் தந்தால் மறைந்திருப்பவை எல்லாம் வெளியே வரும். டேப் இருக்கும் இடத்தில் மேல்நோக்கிய குறியும் ஆங்கில ஐ எழுத்தும் (^I) சேர்ந்து நிற்கும்.

மூன்றாவது வழி: உள்தள்ள டேப், வரிசைப்படுத்த ஸ்பேஸ்

உள்தள்ளல் வேறு, வரிசைப்படுத்தல் வேறு. ஒரு பகுதி எந்தப் படியில் இருக்கிறது என்று காட்டுவது முன்னது. அடுத்தடுத்த வரிகளில் சமக்குறிகளோ குறிப்புரைகளோ ஒரே நேர்க்கோட்டில் நிற்கும்படி செய்வது பின்னது. முன்னதற்கு டேப், பின்னதற்கு ஸ்பேஸ் என்று பிரித்துவிட்டால், யார் எந்த டேப் அகலம் வைத்தாலும் அமைப்பு கலையாது. கோ மொழியின் ஃபார்மேட்டர், அதாவது நிரலைத் தானே ஒழுங்குபடுத்தும் கருவி, இதைத்தான் செய்கிறது.

கொள்கை அளவில் இதைவிடச் சிறந்தது இல்லை. கையால் கடைப்பிடிப்பதுதான் கடினம். நான்கு ஸ்பேஸும் ஒரு டேப்பும் சேர்ந்த வரியை 8 கட்டத் திரையில் பார்த்தால், ஒற்றை டேப் உள்ள வரியோடு சமமாக நிற்கும். 4 கட்டத் திரையில் பார்த்தால் முதல் வரி 8இலும் அடுத்தது 4இலும் நிற்கும். எழுதியவருக்குத் தம் திரையில் தவறு தெரியவே தெரியாது. தானியங்கிக் கருவி இல்லாத குழுவுக்கு இந்த வழியை நான் சொல்ல மாட்டேன்.

தமிழில் குறிப்புரை எழுதுவோர், ஸ்பேஸால் வரிசைப்படுத்துவதையே கைவிடுவது நலம். சம அகல எழுத்துரு என்று பெயர் இருந்தாலும் தமிழ் எழுத்துகள் கட்டத்துக்குள் அடங்குவதில்லை. ஒரு திரையில் நேராக நிற்பது அடுத்த திரையில் கோணிவிடும். வெளியீட்டிலும் இதே கதைதான். பாஷின் பிரிண்டெஃப் கட்டளையில் 20 இடம் ஒதுக்கி ஊர்ப்பெயர்களை அச்சிட்டால், அது எழுத்துகளை எண்ணாமல் பைட்டுகளை எண்ணுகிறது. யூ.டி.எஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட். மணலி 12 பைட் என்பதால் பின்னால் 8 ஸ்பேஸ் சேரும். எண்ணூர் 21 பைட் என்பதால் ஒன்றுகூடச் சேராது. கண்டெய்னர் பட்டியலில் ஊர்களைத் தமிழில் போட ஆசைப்பட்ட அந்த இருவரும் இரண்டு நாள் இதில் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். பத்திகளுக்கு இடையே ஒரு டேப் மட்டும் இட்டு, விரிதாளில் திறக்கும்படி கோப்பாக அனுப்பச் சொன்னேன்.

நான்காவது வழி: முடிவைக் கருவியிடம் விடுவது

இதில் டேப்பா ஸ்பேஸா என்பதை ஒருமுறை கோப்பில் எழுதி வைத்துவிட்டு, எல்லோருடைய எடிட்டரும் அதற்குக் கட்டுப்படும்படி செய்கிறோம். எடிட்டர்கான்ஃபிக் என்னும் சிறு கோப்பைத் திட்ட அடைவில் வைத்து, எந்த வகைக் கோப்புக்கு எந்த உள்தள்ளல் என்று எழுதலாம். நியோவிம் 0.9 முதல் அதைத் தானே படிக்கிறது; வி.எஸ். கோடுக்கு ஒரு எக்ஸ்டென்ஷன் நிறுவ வேண்டும். நிறுவாதவருக்கு அந்தக் கோப்பு வெறும் காகிதம்தான் என்பது இதன் முதல் பலவீனம். வி.எஸ். கோடு தன் பங்குக்கு, திறக்கும் கோப்பில் ஏற்கெனவே இருப்பதைப் பார்த்து உள்தள்ளலை ஊகிக்கிறது. ஊகிக்க ஒன்றும் இல்லாத புதிய கோப்பில் நான்கு ஸ்பேஸ் இடுகிறது. கீழ்ப்பட்டையில் அது காட்டும் சொல்லைப் பார்க்கும் பழக்கம் வந்தாலே பாதித் தொல்லை தீரும்.

விம்மில் மூன்று அமைப்புகளை ஒன்றோடொன்று குழப்பிக்கொள்கிறார்கள். டேப்ஸ்டாப் என்பது கோப்பில் இருக்கும் டேப் எவ்வளவு அகலமாகத் தெரிய வேண்டும் என்பது. ஷிஃப்ட்விட்த் என்பது உள்தள்ளும் கட்டளை ஒருமுறைக்கு எவ்வளவு தள்ள வேண்டும் என்பது. எக்ஸ்பாண்ட்டேப் என்பது விசையைத் தட்டினால் டேப்பை எழுதுவதா ஸ்பேஸை எழுதுவதா என்பது. டேப் வழியில் போகிறவர் முதல் இரண்டையும் ஒரே எண்ணாக வைத்து மூன்றாவதை அணைத்துவிட வேண்டும். டேப்ஸ்டாப்பை 8ஆக விட்டு ஷிஃப்ட்விட்த்தை மட்டும் 4 என்று மாற்றி எக்ஸ்பாண்ட்டேப்பையும் இயக்காவிட்டால், ஒற்றைப்படி ஸ்பேஸாகவும் இரட்டைப்படி டேப்பாகவும் ஒரு கதம்பக் கோப்பு கிடைக்கும். என்னிடம் வரும் குழப்பமான ஸ்கிரிப்டுகளில் பல இப்படிப் பிறந்தவைதான்.

ஷெல்லுக்கு என்றே எஸ்.எச்.ஃபெம்ட் என்னும் ஃபார்மேட்டர் இருக்கிறது. அதன் இயல்பு டேப். ஸ்பேஸ் வேண்டுமானால் எண்ணைத் தர வேண்டும். எடிட்டர்கான்ஃபிக் கோப்பையும் அது மதிக்கும். ஆனால் கட்டளை வரியில் வடிவமைப்பு தொடர்பான ஓர் அமைப்பைத் தந்துவிட்டாலும் அந்தக் கோப்பை முற்றிலும் ஒதுக்கிவிடும். எடிட்டரில் ஒரு மாதிரியும் சர்வரில் வேறு மாதிரியும் வருகிறது என்று புலம்புவோர் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. ஸ்கிரிப்டில் பிழை தேடும் ஷெல்செக் கருவியையும் சேர்த்துக்கொண்டால், <<- முடிவுச் சொல்லுக்கு முன் ஸ்பேஸ் இருந்தால் 1040 என்ற எண்ணுடன் எச்சரிக்கும். எதையும் நிறுவ முடியாத சர்வரில் பாஷுக்கு -n என்னும் அமைப்பைத் தந்து ஸ்கிரிப்டை ஓட்டாமல் சரிபார்க்கச் சொல்லலாம். என் பேக்கப் ஸ்கிரிப்டை அன்று அப்படி ஒருமுறை சரிபார்த்திருந்தால் பிழை உடனே தெரிந்திருக்கும்.

மாறுவதற்கு ஆகும் செலவு

புதிய திட்டத்தில் மேலே சொன்ன எந்த வழியும் செலவில்லாதது. ஓடிக்கொண்டிருக்கும் திட்டத்தில் மாறும்போதுதான் வலிக்கும். ஒரே கமிட்டில், அதாவது கிட்டில் ஒருமுறை பதியும் மாற்றத் தொகுப்பில், நானூறு வரியும் மாறிவிட்டால், அதற்குப் பிறகு எந்த வரியை யார் எழுதினார் என்று கேட்டாலும் கிட் உள்தள்ளலை மாற்றியவரின் பெயரையே சொல்லும். 2019இல் வந்த கிட் 2.23 முதல், குறிப்பிட்ட கமிட்டுகளைத் தவிர்த்துவிட்டு, வரியை எழுதியவர் யார் என்று சொல்லும்படி கேட்கலாம். அந்த கமிட்டின் எண்ணை ஒரு கோப்பில் எழுதி வைத்து, அந்தக் கோப்பைப் பார்க்கும்படி கிட்டிடம் சொல்ல வேண்டும். அதற்கு, உள்தள்ளல் மாற்றம் தனி கமிட்டாக இருக்க வேண்டும். இரண்டு வரித் திருத்தத்தோடு அது கலந்துவிட்டால் பிரிக்க முடியாது; வெற்றிடத்தைப் புறக்கணித்துக் காட்டும் டபிள்யூ அமைப்பால் கண்ணுக்கு மட்டும் பிரித்துப் பார்க்கலாம்.

வேறு கிளைகளில் (கிட்டில் தனித்தனியே நடக்கும் வேலைப் பிரிவுகளில்) முடியாத வேலை இருக்கும்போது மாற்றக் கூடாது. எக்ஸ்பாண்ட், அன்எக்ஸ்பாண்ட் என்னும் பழைய யூனிக்ஸ் கட்டளைகள் மொத்தமாக மாற்றித் தரும் என்றாலும், எக்ஸ்பாண்ட் இயல்பாக வரியின் நடுவில் இருக்கும் டேப்பையும் விட்டுவைக்காது. பத்திகளை வெட்டியெடுக்கும் கட் கட்டளைக்கோ உரையை மாற்றும் எஸ்.இ.டி. கட்டளைக்கோ மேற்கோளுக்குள் நேரடியாக ஒரு டேப்பைத் தட்டி வைத்திருந்தால் அதுவும் ஸ்பேஸாகி, ஸ்கிரிப்டின் பொருளே மாறிவிடும். வரித்தொடக்கத்தை மட்டும் மாற்றும் அமைப்பு அதில் உண்டு, அதைத் தர வேண்டும்.

எந்தக் கோப்புக்கு எது

| கோப்பு | கருவியின் கட்டாயம் | என் தேர்வு |
|---|---|---|
| மேக்ஃபைல் | கட்டளை வரிகள் டேப்பில் தொடங்க வேண்டும் | டேப் |
| யாமல் | உள்தள்ளலில் டேப் கூடாது | 2 ஸ்பேஸ் |
| பைத்தான் | பொருள் மாறும் கலப்பு கூடாது | 4 ஸ்பேஸ் |
| கோ | இல்லை; ஃபார்மேட்டர் டேப் இடும் | டேப் |
| ஷெல், ஹியர்-டாக்குமென்ட் உள்ளது | <<- டேப்பை மட்டும் நீக்கும் | டேப் |
| ஷெல், ஹியர்-டாக்குமென்ட் இல்லாதது | இல்லை | குழுவின் வழக்கம் |

மேக்ஃபைலின் கட்டாயம் 1976இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன் அந்தக் கருவியை எழுதிய காலத்திலிருந்து வருவது. டேப்புக்குப் பதில் ஸ்பேஸ் இருந்தால் மிஸ்ஸிங் செபரேட்டர் என்று சொல்லி நின்றுவிடும். அந்த விதி தவறு என்று உணர்ந்தபோது ஏற்கெனவே ஒரு டஜன் பேர் பயன்படுத்தத் தொடங்கியிருந்ததால், அவர்களுக்குத் தொல்லை தர விரும்பாமல் அப்படியே விட்டுவிட்டதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஒரு டஜன் பேரின் வசதிக்காக விட்டதை உலகம் இன்றும் சுமக்கிறது.

யாமலுக்குள் ஷெல் எழுதுவோருக்கு அட்டவணையில் இரண்டு விதிகளும் மோதும். யாமல் தன் பகுதிக்கு உரிய பொது உள்தள்ளலை நீக்கிவிட்டே ஷெல்லிடம் தருகிறது. ஆகவே மேல்மட்டத்தில் இருக்கும் சாதாரண ஹியர்-டாக்குமென்ட் தொல்லை தராது. இஃப் பகுதிக்குள் போனதும் கூடுதல் ஸ்பேஸ்கள் அப்படியே மிஞ்சி முடிவுச் சொல்லை மறைத்துவிடும். பத்து வரிக்கு மேல் போகும் ஷெல்லைத் தனிக் கோப்பாக எடுத்து, யாமலிலிருந்து பெயர் சொல்லி அழைப்பதே என் வழக்கம்.

அந்த இருவரின் ஸ்கிரிப்டில் ஐந்து இடத்தில் <<- இருந்தது. அதில் ஒன்று, சுங்க முகவர்களுக்குப் போகும் மின்னஞ்சலையே எழுதுகிறது. ஆகவே டேப்பில் நிற்கச் சொன்னேன். இளையவருக்கு இதில் முழு மனம் இல்லை, அவர் எழுதும் பைத்தான் எல்லாம் ஸ்பேஸ்தான். அவருக்காக எடிட்டர்கான்ஃபிக் கோப்பில் பைத்தானுக்கு ஒரு பகுதி, ஷெல்லுக்கு ஒரு பகுதி என்று பிரித்து எழுதினோம். இரவுத் தொகுப்பு முடிந்த ஒரு சனிக்கிழமை இரவு, கிளைகள் எல்லாம் இணைந்த பிறகு, உள்தள்ளலை மட்டும் தனி கமிட்டாகத் திருத்தி அதன் எண்ணைக் குறித்து வைத்தார்கள். கிட்டின் கமிட்டுக்கு முந்திய சோதனையில் பாஷின் -n அமைப்பும் ஷெல்செக்கும் சேர்ந்தன. சர்வரில் நேரடியாகத் திருத்தும் பழக்கத்தை மூத்தவர் இன்னும் விடவில்லை; அங்கே அந்தச் சோதனை ஓடாது என்பதால், கிரான் வரியிலேயே முதலில் சரிபார்த்து, பிழை இல்லாவிட்டால் மட்டும் ஓடும்படி இரண்டு கட்டளைகளையும் && குறியால் இணைத்திருக்கிறோம்.